சாமிதுரையத்தின் குணமும் பயனும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே திடீரென்று ஒரு கோபுர வாசல் தெரியும். ஊருக்குப் புதியவர்கள் பஸ்ஸில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது கோயில் இல்லை, கல்வி வள்ளல் டாக்டர் சாமிதுரை பொறியியல் கல்லூரி. அவர்களை யாரும் திருத்துவதில்லை. உள்ளே சம்பளம் வாங்குகிறவர்களும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

சாமிதுரை போர்வெல் வண்டியில் தொடங்கிக் கல்லூரித் தாளாளர் ஆனவர். பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, துளை போட்டால் காசு என்பதை இளமையிலேயே கற்றவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் டாக்டர் பட்டத்தை எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று ஒரு விரிவுரையாளர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அந்த விரிவுரையாளர் இப்போது ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை வியாபாரம் பார்க்கிறார். நன்றாக இருப்பதாகத்தான் கேள்வி.

இந்தக் கல்லூரியில்தான் மணிமொழி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தாள். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ஊர். அவள் அம்மா தனம் அடுத்தவர் வயலில் களை பறித்துப் படிக்கவைத்த பெண். தெருவிலேயே முதல் பட்டதாரி என்பதால் அவள் என்ன படிக்கிறாள் என்று தெருவே கேட்கும். “மூணு உலோகத்தைச் சேத்து நாலாவதா ஒண்ணு செய்யிறேன்” என்பாள். “அப்ப நகைக்கடை வெக்கலாம்” என்பார்கள்.

உண்மையில் அவள் செய்தது சாதாரணக் கலவை இல்லை. வெண்கலம், பித்தளை மாதிரிக் கலவைகளில் அணுக்கள் காலை நேரத்து டவுன் பஸ் கூட்டம்போல இடம் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். மணிமொழியின் சேர்மத்தில் ஒவ்வொரு அணுவும் முன்பதிவு செய்த சீட்டில் உட்கார்ந்திருந்தது. இது கால்சியம், பக்கத்தில் அலுமினியம், எதிரே வெள்ளீயம் என்று ஒழுங்கு தவறாத வரிசை. அரியலூர் மண்ணெல்லாம் சுண்ணாம்புக்கல், அதன் உயிர்நாடி கால்சியம். நம் ஊர்ப் பொருளை வைத்து ஒன்று செய்யலாமே என்றுதான் அவள் தொடங்கினாள். உலையில் உருக்கி, உடைந்துபோனதை மறுபடி உருக்கி, கடைசியில் நீலம் ஓடிய வெள்ளி நிறத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. உலகத்தில் அதுவரை இல்லாத பொருள். அன்றைக்கு ஆய்வகத்தில் அவளோடு இருந்தது துப்புரவுப் பணியாளர் இருசம்மாள் மட்டும்தான்.

“அழுவுற மாதிரி இருக்கியே பாப்பா, கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா. வந்துடுச்சு.”

“அப்ப அழுவு” என்று சொல்லிவிட்டு இருசம்மாள் தரையைத் துடைக்கப் போனாள்.

மணிமொழியின் நெறியாளர் பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தி. அவர் அந்த ஆய்வகத்துக்குள் வந்தது திறப்பு விழா அன்று, ரிப்பனுக்குப் பின்னால் நின்று கை தட்டுவதற்காக. ஆனால் ஆய்வேடுகளைக் கவனமாகப் படிப்பார், சிவப்புப் பேனாவோடு.

“ஏம்மா மணிமொழி, ஆறாவது அத்தியாயம் முழுக்கக் ‘குணங்கள்’னு எழுதியிருக்கியே. எதுக்கு?”

“அதுதான் சார் முக்கியம். இது தண்ணிய கண்டா சும்மா இருக்காது. சூடாவுது, நொரைக்குது, ஹைட்ரஜன் வருது. கடைசியில சுண்ணாம்பா உதிர்ந்துடுது.”

“நெகட்டிவா இருக்கே.”

“நெகட்டிவ் இல்ல சார், குணம்.”

“ஜாதகத்துல இருக்குற தோஷத்தை நாமளே கோடு போட்டுக் காட்டுவமா? நம்ம காலேஜ்ல பாசிட்டிவ் ரிசல்ட் மட்டுந்தான். ஐயாவோட கொள்கை அது.” ஆறாவது அத்தியாயத்தை மேலிருந்து கீழ்வரை அடித்தார். “குணத்தை எடு. பயன் எழுது. டெல்லிலேருந்து தரம் பாக்கக் குழு வருது, அவங்க கேக்கறது ஒண்ணுதான், எதுக்குப் பயன்படும்?”

“இன்னும் சோதிச்சுப் பாக்கல சார்.”

“‘பயன்படக்கூடும்’னு போடு. தமிழ்ல ‘கூடும்’னு ஒரு வார்த்தை எதுக்கு இருக்கு?”

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் பயன் கண்டறியும் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு துறையும் ஒரு பயனாவது கொண்டுவர வேண்டும், வெறுங்கையோடு வருகிற துறைத் தலைவர் நின்றபடி இருக்க வேண்டும் என்பது விதி. இயந்திரவியல் துறை விமான இறக்கை என்றது. கட்டடவியல் துறை கொள்ளிடத்துக்கு அணை கட்டலாம் என்றது. தண்ணீரைக் கண்டால் கரைகிற பொருளில் அணையா என்று மணிமொழி எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள். மேலாண்மைத் துறை, மூன்று உலோகங்கள் ஒற்றுமையாக இருப்பதைக் காட்டி ஊழியர்களுக்கு ஊக்கப் பயிற்சி கொடுக்கலாம் என்றது. கீழப்பழுவூர்க் கோயில் கட்டியபோதே சோழர்களுக்கு இந்த உலோகம் தெரிந்திருக்கக்கூடும் என்று தமிழ்த் துறை சொன்னபோது கைதட்டல் எழுந்தது. விளையாட்டு ஆசிரியர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் குண்டு எறியலாம் என்றார். அந்தக் கூட்டத்தில் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது பெயர் சூட்டு விழா. சேர்மத்துக்குச் ‘சாமிதுரையம்’ என்று பெயர் வைத்தார்கள். சாமிதுரை மேடையில் கண் கலங்கினார்.

“நான் படிக்காதவன்,” என்றார். “படிச்சவங்களை வேலைக்கு வெச்சிருக்கேன். அவங்க கண்டுபிடிச்சா நான் கண்டுபிடிச்ச மாதிரிதான். மாடு என்னுதுன்னா பாலும் என்னுதுதானே?”

மாடுகள் கை தட்டின.

இதுவரைக்கும் மணிமொழி பொறுத்துக்கொண்டாள். பெயரில் என்ன இருக்கிறது, பட்டம் வந்தால் போதும் என்று நினைத்தாள். பட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரை ஆராய்ச்சி இதழில் வெளிவர வேண்டும், அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். இருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். கட்டுரை அவள் எழுதியது. இதழ் வந்த அன்றே பிரித்தாள்.

ஆசிரியர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் சாமிதுரை. அடுத்தது அவர் மகன், செயலாளர் கலைவாணன். பிறகு கிருஷ்ணமூர்த்தி. பிறகு முதல்வர், சாமிதுரையின் மனைவி, அணை கட்டச் சொன்னவர், சோழர்களைக் கொண்டுவந்தவர், கல்லூரி பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் போக்குவரத்து அலுவலர். அதன்பின் ‘மற்றும் பலர்’.

மணிமொழி மற்றும் பலர் ஆகியிருந்தாள்.

கிருஷ்ணமூர்த்தி அறைக்கு நேரே போனாள். அவர் அந்த இதழைக் கண்ணாடிச் சட்டம் போட அளந்துகொண்டிருந்தார்.

“சார், எம் பேரு இல்ல.”

“இடம் பத்தலம்மா. போக்குவரத்து அலுவலர் பேரை எடுக்க முடியுமா? நாளைக்குப் பஸ் வருமா?”

“அப்ப எனக்குப் பட்டம்?”

“அடுத்த கட்டுரையில பாப்போம். அவசரப்படாதே. உங்க வூட்ல இதுக்கு முன்னாடி யாரு டாக்டர் ஆனாங்க? கொஞ்சம் பொறுத்தா ஒண்ணும் கொறஞ்சிடாது.”

அவள் வெளியே வந்தாள். முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. ‘உங்க வூட்ல’ என்ற அந்த ஒரு வார்த்தையில் அம்மாவின் முதுகு, களைக்கொத்து, வெயில் எல்லாவற்றையும் அந்த ஆள் மிதித்துவிட்டுப் போனதாக அவளுக்குப் பட்டது. மன்னிப்பது பெரிய மனசு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளுக்குப் பெரிய மனசு வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஊர் பார்க்க, தலைகுனிவது வேண்டியிருந்தது.

எதுவும் திட்டமிடத் தேவையிருக்கவில்லை. கல்லூரியே வேலையைத் தொடங்கிக்கொடுத்தது. சாமிதுரையின் எழுபதாவது பிறந்தநாளும் டெல்லிக் குழு வரும் நாளும் ஒன்றாக அமைந்தன. அன்றைக்குச் சாமிதுரையத்தாலேயே சாமிதுரைக்குச் சிலை வைப்பது என்று கலைவாணன் முடிவெடுத்தான். முழு உருவம் என்று தொடங்கி, உலோகத்தின் விலையைக் கேட்டதும் மார்பளவு ஆகி, கடைசியில் தலை மட்டும் என்று நின்றது. திருச்சிப் பட்டறை ஒன்றில் பொடியாக அரைத்து, அச்சில் அழுத்தி, சுட்டு எடுத்தார்கள். மீசைகூட அப்படியே வந்திருந்தது.

மணிமொழி நியாயமானவள். மூன்று தடவை சொன்னாள். தண்ணீர் ஆகாது என்று கிருஷ்ணமூர்த்தியிடம் சொன்னாள். “அது அடிச்ச அத்தியாயம்” என்றார். ஈரம் படக் கூடாது என்று கலைவாணனிடம் சொன்னாள். “எங்க அப்பா தலையப் பத்தி நீ எங்கிட்ட சொல்றியா?” என்றான். கடைசியாக, தன் கையாலேயே வார்னிஷ் பூசி வைத்தாள். போட்டோவில் பளபளப்பு வரவில்லை என்று கிருஷ்ணமூர்த்தி ஆளை விட்டு அதைத் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான், விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், அவள் நாலாவது தடவையாக வாயைத் திறந்தாள்.

“பெரியவங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஐயாவுக்கு வெறும் மாலை மட்டும் போட்டா போதுங்களா?”

எப்படி இதை நாம் யோசிக்காமல் போனோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஏலம் தொடங்கியது. முதல்வர் பால் என்றார். அணைக்காரர் தயிர் என்றார். தமிழ்த் துறை இளநீர் என்றது. தான் பின்தங்கிவிடக் கூடாதே என்று கிருஷ்ணமூர்த்தி எழுந்து, “எலுமிச்சைச் சாறு என் பொறுப்பு” என்றார். எலுமிச்சை என்றதும் மணிமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். புளிப்புப் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவள் ஆய்வகத்தில் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஹைட்ரஜன் பக்கத்தில் நெருப்பு வரக் கூடாது. பழி வாங்க வேண்டும், கொலை செய்ய வேண்டியதில்லை. விழா அன்று காலையில் இருசம்மாளைத் தேடிப் போனாள்.

“அக்கா, இன்னிக்கி மேடைப் பக்கம் எங்கயும் தீப்பெட்டி இருக்கக் கூடாது.”

“கற்பூரம் காட்டணும்பாங்களே.”

“தேடிக்கிட்டே இருக்கட்டும்.”

இருசம்மாள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “சரி டாக்டரு,” என்றாள். கல்லூரியில் அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள்.

விழா மைதானத்தில், திறந்தவெளிப் பந்தலில் நடந்தது. முன்வரிசையில் டெல்லிக் குழு, கழுத்தில் ஏலக்காய் மாலையோடு. பின்னால் மாணவர்கள், கையில் செல்போனோடு. பீடத்தின் மேல் சாமிதுரையின் தலை வெயிலில் மின்னியது. அதற்கு எதிரே சாமிதுரையே நின்று, தன் சிலையின் அழகை மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணமூர்த்தி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“மதிப்புக்குரிய குழுவினரே, இந்தச் சேர்மத்தின் பயன்கள் நாற்பது. குணக்கேடு ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்றையும் நானே நீக்கிவிட்டேன். விஞ்ஞானம் என்பது சோதித்துப் பார்ப்பது என்று வெளிநாட்டுக்காரன் சொல்வான். எங்கள் ஐயா சொன்ன பிறகு சோதிப்பது அவமரியாதை என்று நாங்கள் சொல்கிறோம்.”

குழுத் தலைவருக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார். மொழிபெயர்ப்பு தவறாக இருக்கும் என்று அந்த அம்மாள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

முதல் குடம் பாலைச் சாமிதுரையே ஊற்ற ஆசைப்பட்டார். “உசுரோட இருக்கறப்பவே பால் ஊத்துறாங்கடி” என்று பின்வரிசையில் ஒரு மாணவி முணுமுணுத்தாள். பால் நெற்றியில் வழிந்து, மூக்கில் பிரிந்து, மீசைக்குள் இறங்கியது. சிலை மெல்லச் சீறியது. பிறகு நுரைத்தது. பிறகு, அடுப்பே இல்லாமல், பால் பொங்கியது.

முதல்வர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “பொங்கலோ பொங்கல்” என்றார். கல்லூரியே அதைத் திருப்பிச் சொன்னது. சாமிதுரையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனக்குத் தெய்வ அம்சம் உண்டு என்று அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம் இருந்தது.

தயிர் போனது. இளநீர் போனது. புகைபோல ஆவி எழும்ப, தலை ஒரு பக்கம் உப்பத் தொடங்கியது. அந்த அருள் தீர்ந்துபோவதற்குள் தன் பங்கைச் செலுத்திவிடக் கிருஷ்ணமூர்த்தி எலுமிச்சைச் சாற்றோடு முண்டியடித்து ஏறி, வாளியோடு கவிழ்த்தார்.

முதலில் மூக்கு விழுந்தது. யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள். பிறகு மீசை ஒரு பக்கமாக நழுவியது. கலைவாணன் பாய்ந்து போய் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்தான். அது அவன் கையிலேயே குழைந்து வழிந்தது. சுண்ணாம்பு அரித்ததில் கையை உதறிக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடினான். “ஆரத்தி எடுங்க, ஆரத்தி எடுத்தா நின்னுடும்” என்று முதல்வர் கத்தினார். இருந்த பேராசிரியர்கள் எல்லோரும் பைகளைத் துழாவினார்கள். ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. அவர்கள் தேடித் திரும்புவதற்குள் பீடத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கூழ் மட்டும் இருந்தது. வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்புபோல அது படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நனையாத ஒரு காது மட்டும் தனியாகக் கீழே உருண்டு, மணிமொழியின் காலடியில் வந்து நின்றது. அவள் அதை எடுத்துத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட சீசாவுக்குள் வைத்து மூடினாள். அவள் சொன்னதைக் கேட்க அந்தக் கல்லூரியில் ஒரு காதாவது மிஞ்சட்டும்.

குழுத் தலைவர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார். இதைக் கண்டுபிடித்தது யார்?

முதல்வர் மணிமொழியைக் காட்டினார். அணைக்காரர் காட்டினார். போக்குவரத்து அலுவலர் காட்டினார். கிருஷ்ணமூர்த்தி, எலுமிச்சை வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் காட்டினார். அத்தனையும் நூற்றுக்கணக்கான செல்போன்களில் பதிவானது. சாயங்காலத்துக்குள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், அரியலூர் ஜவுளிக்கடையில் எல்லாம் சாமிதுரையின் மூக்கு விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. கலைவாணன் கையில் கட்டோடு தலைமை தாங்கினான்.

“நான் அந்த உலோகத்தைத் தொட்டதே கெடையாது,” என்று தொடங்கினார் கிருஷ்ணமூர்த்தி. “லேப் பக்கமே போனதில்ல. வேணும்னா வருகைப் பதிவைப் பாருங்க. கட்டுரைய நான் படிச்சதுகூட இல்ல, பேரு மட்டுந்தான் போட்டேன்.”

“நானும் அப்படித்தான்,” என்றார் முதல்வர். “படிக்காம பேரு போடறதுதான் நம்ம வழக்கம். அதுல தப்பு வராதுன்னு நம்பினோம்.”

“சோழர்களுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு ஆதாரத்தோட நிரூபிக்கத் தயார்,” என்றது தமிழ்த் துறை.

கடைசியில் சாமிதுரையே பேசினார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. “மாடு என்னுது இல்ல. பாலும் என்னுது இல்ல. அந்தப் பொண்ணு தலையிலேயே எழுதுங்க.”

எழுதினார்கள். இந்தச் சேர்மத்தை எண்ணியவர், செய்தவர், ஆராய்ந்தவர் எல்லாம் மணிமொழி ஒருவரே, கட்டுரையில் கண்ட வேறு எவருக்கும் இதில் அணுவளவும் பங்கில்லை, இனிமேலும் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். குற்றவாளியை நன்றாக மாட்டிவிட்ட திருப்தி எல்லார் முகத்திலும் இருந்தது. மணிமொழி தலையைக் குனிந்தபடியே, “சீல் வெச்சு ஒரு காப்பி குடுத்துடுங்க சார்” என்று கேட்டாள். வாய்க்குள் சிரிப்பு முட்டியதால்தான் தலையைக் குனிந்திருந்தாள்.

அந்தக் காப்பி இதழுக்குப் போனது. பழைய கட்டுரையை எடுத்துவிட்டு, அவள் பெயர் ஒன்றை மட்டும் போட்டுப் புதிய கட்டுரையை வெளியிட்டார்கள். அடித்துப்போட்ட ஆறாவது அத்தியாயம் அதில் முழுதாக இருந்தது. வெறும் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலே ஹைட்ரஜன் தரும் பொருள் என்றால் எரிபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? பெங்களூரிலிருந்து ஒரு ஆய்வு நிறுவனம் அவளை வேலைக்கே அழைத்தது. டெல்லிக் குழு கல்லூரிக்குக் கொடுத்த தர எழுத்தை யாரும் வெளியே சொல்லவில்லை. அப்படி ஓர் எழுத்து பட்டியலில் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது என்றார்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது கிருஷ்ணமூர்த்தி ஆய்வகத்துக்கே வந்தார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மணிமொழி... ஏம்மா... பெங்களூர்லேருந்து எங்கிட்ட கேட்டாங்க, இதுல உங்க பங்கு என்னன்னு. எம் பேரையும் எங்கயாவது ஒரு ஓரத்துல...”

“அணுவளவும் பங்கில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்.”

“அது ஒரு சூழ்நிலைம்மா.”

“சரிங்க சார். நன்றிப் பக்கத்துல இடம் இருக்கான்னு பாக்குறேன்.”

அவர் முகம் மலர்ந்து போனார். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். ஆய்வேடு அச்சாகி வந்த அன்று அவர் முதல் ஆளாக வாங்கி நன்றிப் பக்கத்தைப் பிரித்தார். தனம், களை பறித்துப் படிக்கவைத்த அம்மா. இருசம்மாள், உடன் இருந்தவர், டாக்டர் என்று முதலில் அழைத்தவர். வாலிகண்டபுரம் டவுன் பஸ் ஓட்டுநர். பட்டறைக்காரர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. அவர் விரலை வைத்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார்.

மற்றும் பலர்.